பீப்பாயின் நிறம்

1969ஆம் வருடம், தீபாவளி முடிந்து இரண்டாவது வாரம், அரக்கு முத்திரை வைத்த ஒரு பாட்டில் சுப்புலக்ஷ்மியின் மேஜைக்கு வந்தது. அரசு இரசாயனப் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு அது பதினாறாவது வருடம். கள்ளச்சாராயம், கலப்படக் கள், ஊறல் என்று ஆயிரக்கணக்கில் பார்த்தவள். அவற்றுக்கு நடுவே இந்தப் பாட்டில் தனியாகத் தெரிந்தது. உள்ளே இருந்த திரவம் கருஞ்சிவப்பாக இருந்தது. மேலே அச்சடித்த லேபிள் கிடையாது. வெள்ளைத் தாள் ஒன்றை ஒட்டி, நீல மையில் ஆங்கிலத்தில் கையால் எழுதியிருந்தது: ஷெர்ரி பீப்பாய், எண் 41, வயது பதினெட்டு.

கொண்டுவந்த சப்-இன்ஸ்பெக்டர் தங்கவேல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஸ்காட்ச் விஸ்கின்னு சொல்றான் மேடம். நானும் எத்தினியோ ஸ்காட்ச் புடிச்சிருக்கேன். தங்கம் மாதிரி வெளிறி இருக்கும். இது இன்னான்னா டிகாஷன் கணக்கா கீது. வெல்லத்தக் கருக்கி ஊத்தியிருக்கான். இத்தக் குடிச்சு ஒரு ஆளு செத்துட்டாரு."

செத்தவர் கணேசமூர்த்தி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். மதுவிலக்கு இருந்த காலம் அது. டாக்டர் சீட்டின்பேரில் அவருக்குக் குடிப்பதற்கான பெர்மிட் இருந்தது. தீபாவளிக்கு மறுநாள் கண் மங்கியது. அதற்கடுத்த நாள் முழுக்கப் பார்வை போயிற்று. நான்காம் நாள் இறந்தார். அவர் குடலில் மெத்தனால் இருந்ததாகப் பிரேதப் பரிசோதனை சொன்னது. அவருடைய பீரோவில் இருந்த ஒரே பாட்டில் இதுதான். மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

அதைக் கொண்டுவந்து கொடுத்தவன் ஷரஃபுதீன். அடையாற்றில் மக்ரே என்ற ஸ்காட்லாந்துக்காரரின் பங்களாவில் இருபத்திரண்டு வருடம் பட்லராக இருந்தவன். மக்ரே தன் வீட்டுத் திரைச்சீலை முழுவதையும் கணேசமூர்த்தியிடம் வாங்கிய பழக்கத்தில், செப்டம்பரில் கப்பல் ஏறுவதற்கு முன் இந்தப் பாட்டிலை அவருக்குக் கொடுத்தனுப்பினார் என்பது அவன் வாக்குமூலம். துரை ஊருக்குப் போய்விட்டார். அவருக்குப் போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. ஷரஃபுதீன் ரிமாண்டில் இருந்தான்.

சுப்புலக்ஷ்மி முதலில் மெத்தனாலைத் தேடினாள். இல்லை. மறுபடியும் செய்தாள். இல்லை. சாராயத்தின் அளவு சரியாக இருந்தது. ஈயம், செம்பு எதுவும் இல்லை. அன்று மாலையே தங்கவேலுக்குப் போன் செய்து சொன்னாள்.

"இதுல இல்லேன்னா வேற பாட்டில்ல இருந்திருக்கும் மேடம்," என்றார் அவர். "ஊட்டுல காய்ச்சி விக்கிறவன் ஒண்ணா காய்ச்சுவான்? இது போலி சரக்குன்னு மட்டும் எழுதிக் குடுங்க. மீதிய நாங்க பாத்துக்கறோம்."

ஆக, கேள்வி இப்போது ஒன்றே ஒன்றாக நின்றது. இது நிஜமான விஸ்கியா, ஷரஃபுதீன் கலந்ததா?

பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு தடித்த புத்தகத்தில் இரண்டே வரி கிடைத்தது. வடித்தெடுக்கும்போது விஸ்கிக்கு நிறமே கிடையாது. நிறம் பீப்பாயிலிருந்து வருகிறது. ஷெர்ரி என்னும் திராட்சை ஒயின் ஊறிய ஓக் மரப் பீப்பாயில் வைத்தால் மிகவும் கறுத்துப்போகும். அவள் ஒரு சொட்டில் இரும்பு உப்பைக் கலந்தாள். நீலக் கறுப்பாகத் திரிந்தது. மரத்தின் துவர்ப்பு இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் தேயிலைத் தண்ணீரைக் கலந்தாலும் அப்படித்தான் திரியும். எண்கள் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

மேலதிகாரி ஸ்ரீனிவாசராகவன் கோப்பைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நமக்கு எதுக்கு இந்த வம்பு? 'நிர்ணயிக்க இயலவில்லை'ன்னு எழுதிடுங்கோ."

"அப்படி எழுதினா அந்த மனுஷன் உள்ளயேதான் கிடப்பான் சார்."

"அதைக் கோர்ட்டு பாத்துக்கும்."

"கோர்ட்டு நம்மளைத்தானே பாத்துண்டிருக்கு?" என்றாள் சுப்புலக்ஷ்மி. "நம்ம படிவத்துல மூணாவது கட்டம் என்ன சார்? நிறம், மணம், சுவை. பதினாறு வருஷமா அதுல 'சாராய வாடை'ன்னு ஒரே வார்த்தையை எழுதிண்டு வரேன். ஒரு தடவையாவது அதை ஒழுங்கா பண்றேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "சுவையா? நீங்களா?"

"வேற யார் இருக்கா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த கோப்பை எடுத்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் அவள் காபி குடிக்காமல் வந்தாள். தலையில் பூ வைக்கவில்லை. முகத்துக்குப் பவுடர் போடவில்லை. சோப்புக்குப் பதில் வெறும் பயத்தமாவு தேய்த்துக் குளித்திருந்தாள். மூன்று கூம்புக் குடுவைகளை வெந்நீரில் கழுவிக் காயவைத்தாள். வாய் குறுகிய குடுவையில் மணம் தங்கும். முதல் குடுவையில் சுங்க அலுவலகத்திலிருந்து மாதிரிக்காக வாங்கிய சாதாரண ஸ்காட்ச். இரண்டாவதில் அவளே கலந்த போலி: சுத்தமான சாராயம், கருக்கின சர்க்கரை, தேயிலைத் தண்ணீர், கடையில் விற்கிற எசென்ஸ் இரண்டு சொட்டு. நிறத்தில் அது பீரோவில் இருந்த பாட்டிலை அப்படியே உரித்து வைத்திருந்தது. மூன்றாவதில் வழக்குப் பாட்டிலின் திரவம்.

போலியில் முதலில் எசென்ஸ் வாசனை குப்பென்று வந்தது. கால் மணி நேரத்தில் அது ஓடிப்போய், அடிப்பிடித்த பாகின் நாற்றம் மட்டும் மிஞ்சியது. சுங்கத்து ஸ்காட்ச்சில் தானியமும் கொஞ்சம் புகையும் இருந்தன. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் வழக்குப் பாட்டிலை முகர்ந்த பிறகு அது வேறு சாதி என்று தெரிந்தது.

மூன்றாவது குடுவையை மூக்கருகே கொண்டுபோனபோது சாராயம் கண்ணைக் குத்தியது. வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு, குடுவையைத் தாழ்த்திப் பிடித்து மறுபடி முகர்ந்தாள். கறுப்பு உலர்திராட்சை. சந்தேகமே இல்லை. பாயசத்துக்கு நெய்யில் பொரிக்கும்போது உப்பிக்கொண்டு வருமே, அந்த வாசனை. அதற்குப் பின்னால் காய்ந்த நாரத்தைத் தோல். அதிரசப் பாகு. அவற்றுக்கெல்லாம் அடியில் வேறு ஏதோ ஒன்று. அவள் குடுவையைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலருகே போய் நின்றாள். மூக்கைத் தன் சேலைத் தலைப்பில் புதைத்து மற்ற வாசனைகளை மறந்தாள். திரும்பி வந்து முகர்ந்தபோது பிடிபட்டது: தீக்குச்சியைக் கிழித்து அணைத்த நொடியின் வாடை. கந்தகம். மிக மிக மெல்லிசாக.

ஒயின் பீப்பாய் கெட்டுப்போகாமல் இருக்க உள்ளே கந்தகத்தைக் கொளுத்துவார்கள் என்று அவள் படித்திருந்தாள். வெல்லத்தைக் கருக்கி ஊற்றுகிறவனுக்குக் கந்தகம் எதற்கு?

பிறகு பிப்பெட் என்ற கண்ணாடிக் குழாயால் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஐந்தாவது சொட்டுக்கு மணம் மாறியது. திராட்சை பின்வாங்கி, கிராம்பும் அக்ரூட் பருப்பின் தோலும், வெகுநாள் திறக்காத மரப்பெட்டியின் உட்புறமும் வந்தன. அரை மணி நேரம் கழித்து முகர்ந்தாள். எதுவும் ஓடிப்போகவில்லை, இன்னும் கனத்திருந்தது.

இனி வாய்தான் மிச்சம்.

ஒரு தேக்கரண்டி எடுத்து நாக்கில் வைத்தாள். எரிந்தது. கண்ணில் நீர் வந்தது. தித்திப்பு முதலில், அதன் பின்னால் மிளகுக் காரம். வாய்க்குள் சுழற்றிவிட்டுத் தொட்டியில் துப்பினாள். துப்பியதும் தெரிந்தது, பாதிதான் தெரிந்துகொண்டோம் என்று. தொண்டைக்குள் போன பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதைத் துப்பினவள் எழுத முடியாது.

அறையில் யாரும் இல்லை. ஒரு மனிதன் ஏதோ ஒன்றைக் குடித்துக் குருடாகிச் செத்திருக்கிறான். இன்னொருவன் சுவருக்குள் உட்கார்ந்திருக்கிறான். அவள் தன் அப்பாவை நினைத்தாள். கோவில் குளத்தில் மூழ்கி எழாமல் ஒரு வாய்ச் சோறு சாப்பிடாதவர். இரண்டாவது தேக்கரண்டியை எடுத்தாள். விழுங்கினாள்.

மார்புக்குள் சூடு இறங்கியது. காரம் அடங்கியது. பால் விடாத தேநீர் குடித்த பிறகு போல நாக்கின் ஓரங்கள் உலர்ந்தன. அந்த உலர்ச்சிக்குள் திராட்சை மறுபடி தலைகாட்டியது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாலரை நிமிடம் இருந்தது.

குடுவைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் காலை காய்ந்த குடுவைகளை முகர்ந்து அதையும் எழுதினாள். போலியில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் தேனும் மரமும் இருந்தன. எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் எழுதி உறையில் போட்டு ஒட்டி, அரக்கு வைத்தாள். உறைக்கு வெளியே தனியாக எழுதிய அறிக்கையின் கடைசியில் ஒரு வேண்டுகோளைச் சேர்த்தாள்: 'இந்தப் பானத்தின் மணம் எப்படி இருக்கும் என்று குற்றம் சாட்டப்பட்டவரை நீதிமன்றம் முதலில் கேட்கட்டும். அதன் பிறகு இந்த உறையைத் திறக்கட்டும்.'

ருசி பார்த்த அன்று மாலை மயிலாப்பூர் வீட்டில் அவள் கணவர் சுப்பராமன் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். பள்ளியில் கணக்கு வாத்தியார். அவள் மறைக்கவில்லை.

"இன்னிக்கு ஆபீஸ்ல விஸ்கி ருசி பார்த்தேன்."

சிவப்புப் பேனா நின்றது. "துப்பிட்டயோன்னோ?"

"ஒரு வாய் முழுங்கினேன். முழுங்காம தெரியாது."

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "கோர்ட்ல கேப்பா. நீ சொல்லணும். நாளைக்கு மாட வீதில நாலு பேர் பேசுவா," என்றார்.

"பேசட்டும். பொய் எழுதிட்டு ஆத்துல வந்து விளக்கேத்த முடியுமா என்னால?"

அன்று அவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அடுத்த பத்து நாளும் வேண்டிய பேச்சுக்கு மேல் பேசவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. ஆனால் விசாரணை அன்று காலையில் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு பஸ் ஏறினார்.

மாஜிஸ்திரேட் கோர்ட் கூடம் சின்னது. கூண்டில் நின்ற ஷரஃபுதீனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கசங்கின வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டிருந்தான். கடைசி பெஞ்சில் அவன் மனைவி அஃப்சருன்னிசா துப்பட்டியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். முன் பெஞ்சில் கணேசமூர்த்தியின் மனைவி மீனாட்சி, அவளை ஒட்டி இறந்தவரின் தம்பி அய்யாதுரை. அன்று மீனாட்சியின் சாட்சியமும் இருந்தது.

ஷரஃபுதீனுக்காக வாதாடிய கருணாகரன் எழுந்து, நிபுணரின் வேண்டுகோளைப் படித்தார். அரசு வக்கீல் ஆட்சேபித்தார். மாஜிஸ்திரேட் கையமர்த்திவிட்டு ஷரஃபுதீனைப் பார்த்தார்.

"நீ குடிப்பியா?"

"இல்ல சாமி. ஒரு சொட்டு வாயில வெச்சதில்ல."

"அப்ப அதோட வாசனை உனக்கு எப்படித் தெரியும்?"

ஷரஃபுதீன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "துரைக்கு ஒருவாட்டி டைஃபாய்டு வந்துச்சு சாமி. அதுல மூக்கு போயிடுச்சு. கருவாட்டுக்கும் ரோஜாவுக்கும் வித்யாசம் தெரியாது. அவரு ஊரு சரக்க அவரே மோந்து பாக்க முடியல. அதனால நான் மோந்து சொல்வேன். அவரு கண்ண மூடிகினு கேப்பாரு. கேட்டுட்டுத்தான் குடிப்பாரு. பதிமூணு வருசம் இப்படித்தான். இதே மாதிரி ரெண்டு பாட்டில் அவரு மச்சான் அங்கேர்ந்து அனுப்பிச்சாரு. ஒண்ணத் துரையே ஊட்டுல தொறந்து குடிச்சாரு. இன்னொண்ணத்தான் ஜவுளிக்கடை ஐயாவுக்குக் குடுத்தாரு."

"அந்த முதல் பாட்டிலை முகர்ந்து என்ன சொன்னே?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். கூண்டின் கட்டையைப் பிடித்திருந்த கை தளர்ந்து, எதிரில் யாரோ உட்கார்ந்திருப்பது போலக் குரல் தாழ்ந்தது.

"மொதல்ல கிஸ்மிஸ். கறுப்பு கிஸ்மிஸ். பிரியாணிக்கு நெய்யில போட்டா வருமே. அப்புறம் ஆரஞ்சுத் தோலு, காஞ்சது. தண்ணி ஊத்தினா லவங்கம். துரை சுருட்டு வெக்கிற மரப்பொட்டி, அதும் உள்ள. அப்புறம்..." அவன் நிறுத்தினான். "இதச் சொன்னா துரை சிரிப்பாரு. தீபாவளிக்கு மறுநா காலைல தெருவுல போனா, வெடிச்ச பட்டாசு வாசம் ஒண்ணு தரையிலேர்ந்து வரும் இல்ல? அது. ரொம்ப லேசா. எல்லாத்துக்கும் அடியில."

சுப்புலக்ஷ்மி தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மாஜிஸ்திரேட் உறையைக் கிழித்து இரண்டு பக்கங்களையும் நிதானமாகப் படித்தார். பிறகு உரக்கப் படித்தார். உலர்திராட்சை, நாரத்தைத் தோல், பாகு, கிராம்பு, அக்ரூட், மரப்பெட்டி, தீக்குச்சியின் கந்தகம்.

அரசு வக்கீல் எழுந்தார். "அவன் ஆரஞ்சு என்கிறான், இவர் நாரத்தை என்கிறார். அவன் அக்ரூட்டைச் சொல்லவே இல்லை."

"ரெண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லியிருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்," என்றார் மாஜிஸ்திரேட். அவர் சுப்புலக்ஷ்மியிடம் திரும்பினார். "அம்மா, நீங்க இதைச் சுவைத்தீர்களா?"

"ஆமாம்."

"விழுங்கினீர்களா?"

கூடத்தில் எங்கோ ஒரு நாற்காலி நகர்ந்தது. "ஒரு தேக்கரண்டி விழுங்கினேன். இது போலி இல்லை. பல வருஷம் பீப்பாயில் இருந்த சரக்கு. இதை வீட்டில் கலக்க முடியாது. இதில் விஷமும் இல்லை."

அடுத்து மீனாட்சியை அழைத்தார்கள். அய்யாதுரை அவள் காதருகே குனிந்து ஏதோ சொன்னான். அவள் எழுந்து சாட்சிக் கூண்டுக்குப் போனாள். போலீசில் கொடுத்த வாக்குமூலத்தில், தன் கணவர் அந்த ஒரு பாட்டிலைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை என்று சொல்லியிருந்தாள். அதைப் படித்துக் காட்டி, சரிதானே என்று அரசு வக்கீல் கேட்டார்.

அவள் ஷரஃபுதீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியில்லிங்கய்யா," என்றாள்.

அய்யாதுரை எழுந்து நின்றான். "மதினி!"

"உக்காருங்க," என்றார் மாஜிஸ்திரேட்.

"அந்த ஆளு சொன்ன கிஸ்மிஸ் வாசத்தை நானும் மோந்து பாத்திருக்கேன்யா," என்றாள் மீனாட்சி. "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கண்ணாடி டம்ளர்ல ரெண்டு மூடி ஊத்துவாக. என்னைக் கூப்பிட்டு, 'மீனாட்சி, நீ குடிக்க வேண்டாம், மோந்து மட்டும் பாரு, கோவில் பஞ்சாமிர்தம் மாதிரி வருது பாரு'ம்பாக. அதைத் தீந்துரக் கூடாதுன்னு பொத்திப் பொத்தி வச்சிருந்தாக. தீபாவளிக்குப் பெர்மிட் சரக்கு முடிஞ்சுபோச்சு. கொழுந்தன் ராயப்பேட்டையில யார்ட்டயோ சொல்லி ஒரு தட்டைப் பாட்டில் வாங்கிட்டு வந்தாக. வார்னிஷ் வாடை அடிச்சுது. நான் வேண்டாம்னேன். நல்லதை மிச்சம் வச்சுட்டு, அதைப் போயி குடிச்சாக." அவள் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணு தெரியலன்னு கையைத் தடவித் தடவி என்னைத் தேடினாக. செத்த பெறகு கொழுந்தன் அந்தப் பாட்டிலைக் கிணத்துல போட்டுட்டு, கடைப் பேரு கெட்டுப்போகும், வாயைத் தொறக்காதேன்னுட்டாக. நானும் தொறக்கல. ஒரு மனுசன் உள்ள இருக்கான்னு தெரிஞ்சும் தொறக்கல. என்ன தண்டனைன்னாலும் குடுங்க."

அய்யாதுரை உட்கார்ந்தவன் எழவில்லை. அண்ணனைக் கொல்ல வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை என்பது அவன் முகத்தைப் பார்த்த எவருக்கும் தெரிந்தது. இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

கிணற்றை இறைத்து அந்தத் தட்டைப் பாட்டிலை எடுத்தார்கள். மூடி இறுகியிருந்ததால் உள்ளே கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதையும் சுப்புலக்ஷ்மிதான் பரிசோதித்தாள். முதல் சோதனையிலேயே மெத்தனால் தெரிந்தது. விற்றவனைப் பிடித்தார்கள். அய்யாதுரை மீது தனி வழக்கு நடந்து, ஒன்றரை வருடம் சிறைக்குப் போனான். பொய் வாக்குமூலத்துக்காக மீனாட்சியை எச்சரித்து விட்டார்கள். கணவரின் சொந்தங்கள் அவளோடு பேசுவதை நிறுத்தின. அவள் கடையைத் தானே திறந்து உட்கார்ந்தாள்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் ஷரஃபுதீனுக்குத் தீர்ப்பு வந்தது. சாவுக்கும் அவனுக்கும் தொடர்பில்லை. பெர்மிட் இல்லாமல் பாட்டிலைத் தெருவில் எடுத்துச் சென்றது மட்டும் குற்றம். அதற்குச் சிறையில் இருந்த நாட்களே போதும். சாட்சி சொல்ல வேண்டியிருக்குமோ என்று அன்றும் சுப்புலக்ஷ்மி வந்திருந்தாள். கோர்ட் வாசலில் வேப்பமர நிழலில் அவனும் அஃப்சருன்னிசாவும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். அஃப்சருன்னிசா அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இனி என்ன பண்ணப் போறீங்க?" என்று சுப்புலக்ஷ்மி கேட்டாள்.

"அடையாத்துல எந்தப் பங்களாவுலயும் சேக்க மாட்டாங்கம்மா. ஜெயில் ஆளுன்னு பேரு வந்துடுச்சு. பாலவாக்கத்துல மச்சான் ஊடு கீது. அங்க சின்னதா சாப்பாட்டுக் கடை போடலாம்னு." அவன் தயங்கினான். "அம்மா, ஒண்ணு கேக்கலாமா? தப்பா நெனைக்காதீங்க."

"கேளுங்க."

"துரை எப்பவும் சொல்வாரு, 'நீ சொல்றது பாதிதான் ஷரஃபுதீன், மீதி முழுங்கினப்புறம் வரும்'னு. அவருக்கும் அந்த மீதி சரியா தெரியல. நாக்குக்குத் தித்திப்பும் காரமும்தான் தெரியும்பாரு. எனக்குக் குடிக்கவும் ஆவாது. நீங்க முழுங்கினீங்களே. அது எப்படி இருந்துச்சு?"

சற்றுத் தள்ளி நின்ற சுப்பராமன் திரும்பிப் பார்த்தார். சுப்புலக்ஷ்மி யோசித்தாள். அவசரமாகச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"முதல்ல எரிஞ்சுது," என்றாள். "அப்புறம் மார்ல சூடு எறங்கித்து. காரம் போனப்புறம் நாக்கு ஓரமெல்லாம் காஞ்சுபோச்சு, பால் விடாத டீ குடிச்சா காயுமே, அந்த மாதிரி. அவ்வளவுதான் போலிருக்குன்னு நெனைச்சேன். ஆனா அந்த கிஸ்மிஸ் திரும்பி வந்தது. வந்து நாலரை நிமிஷம் இருந்தது."

"நாலரை நிமிசமா?"

"கடிகாரம் பார்த்தேன்."

ஷரஃபுதீன் அதை மனசுக்குள் வாங்கிக்கொள்வது போலத் தலையை மெதுவாக ஆட்டினான். "துரைக்கு லெட்டர் போடும்போது எழுதச் சொல்றேன்," என்றான். பிறகு மனைவியின் கையிலிருந்த துணிப் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். இருவரும் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள்.